சம்பங்கி வரிசை

ஜூன் 9, திங்கள்

ஆய்வகக் குறிப்பேட்டில் "எரிச்சலாக இருக்கிறது" என்று ஒரு வரி எழுதியிருந்தேன். ஃபசலுல்லா சார் சிவப்பு மையால் அடித்துவிட்டார். "அதுல டேட்டா மட்டும்தான்ப்பா. மனசுல இருக்கறதுக்கு வேற நோட்டு வாங்கிக்க." வாங்கிவிட்டேன். இது அந்த நோட்டு.

வேலை என்னவென்று முதல் பக்கத்திலேயே எழுதிவிடுகிறேன். ஈறு நோய் முற்றினால் பல்லைத் தாடை எலும்போடு இழுத்துக் கட்டியிருக்கும் நார் அழிந்துபோகும். பல் ஆடும், விழும். அந்த நாரைத் திரும்ப வளர்க்க முடியுமா என்பது கேள்வி. ரத்தத்தில் இருக்கும் பிளேட்லெட்டுகளுக்குள் வளர்ச்சிக் காரணிகள் இருக்கின்றன. அடிபட்ட இடத்தில் பிளேட்லெட் அவற்றைக் கொட்டும். சுற்றியிருக்கும் செல்களுக்கு அது பெருகச் சொல்லும் உத்தரவு. நாங்கள் அதையே தட்டில் செய்கிறோம். ரத்தத்தை எடுத்துச் சுழற்றி, பிளேட்லெட் பகுதியைப் பிரித்து, உறையவைத்து உருக்கி உடைத்து, அந்தச் சாற்றைப் பல்நார் செல்களுக்கு ஊற்றுகிறோம். கடைசியில் ஒரு சாயம். உயிருள்ள செல் அதைக் கத்தரிப்பூ நிறமாக மாற்றும். நிறம் அடர்த்தி என்றால் செல் அதிகம். வெளுப்பு என்றால் வளரவில்லை. இவ்வளவுதான். இது புரியாமல் இந்தப் பல் மருத்துவக் கல்லூரியில் பாதிப் பேர் என்னை "ரத்தம் எடுக்கிற பையன்" என்கிறார்கள். நான் எம்.டெக்.

இரண்டு வாரத்துக்கு ஒரு திங்கள்கிழமை நான்கு பேர் ரத்தம் கொடுக்கிறோம். கைடு ஃபசலுல்லா சார், ஈறு நோய்ப் பிரிவில் கடைசி வருட பி.ஜி. உமையாள் டாக்டர், லேப் டெக்னீஷியன் வைரவன், நான். யாருடைய ரத்தம் எது என்று தெரிந்தால் முடிவைப் படிப்பவன் கண் சாயும். அதனால் பிப்ரவரியிலேயே ஒரு விதி போட்டேன். கீழ்த்தளத்தில் ரத்தம் எடுக்கும் லூர்து சிஸ்டர்தான் குழாயில் லேபிள் ஒட்டுவார். எண் ஒட்டச் சொன்னேன். "நீங்கள்லாம் என்ன ஜெயில் கைதியா? பூப்பேரு வெக்கறேன்" என்றார். மல்லி, முல்லை, அரளி, சம்பங்கி. யார் எந்தப் பூ என்று சிஸ்டருக்குத் தெரியும், முடிவுகள் தெரியாது. எங்களுக்கு முடிவுகள் தெரியும், ஆள் தெரியாது. இரண்டும் டிசம்பர்வரை சேரக் கூடாது. சேர்ந்தால் மொத்த வேலையும் குப்பை.

சிஸ்டரிடம் அப்போதே சொல்லிவிட்டேன். "யார் கேட்டாலும் சொல்லாதீங்க. சார் கேட்டாலும், நானே வந்து நின்னாலும்."

"நீங்க வந்து நின்னா ஊசியாலயே குத்துவேன் தம்பி."

தட்டில் வளரும் செல்கள் என்னுடையவை. போன டிசம்பரில் இங்கேயே பிடுங்கிய என் ஞானப்பல்லிலிருந்து சுரண்டி எடுத்தவை. என்னைவிட ஒழுங்காகச் சாப்பிடுகின்றன.

ஜூன் 11, புதன்

நான்கு வரிசையும் நல்ல கத்தரிப்பூ. சம்பங்கி ஒரு சாயல் குறைவு. கணக்கில் எடுக்கும் அளவு இல்லை.

ஜூன் 25, புதன்

சம்பங்கி இறங்கியிருக்கிறது. சாயல் இல்லை, தெளிவான இறக்கம். மற்ற மூன்றும் அப்படியே.

ரத்தத்தைச் சுழற்றும் சென்ட்ரிஃப்யூஜ்தான் காரணமாக இருக்கும். அதன் மூடி சரியாக அழுந்துவதில்லை, வைரவன் மேலே ஒரு அகராதியை வைத்து ஓட்டுகிறான். திட்டினேன்.

"அகராதி நாலு குழாய்க்கும் பொதுவுங்க சார்" என்றான். உண்மைதான். அதனால் இன்னும் எரிச்சல்.

உமையாள் டாக்டர் வழக்கமான பல்லவியைப் பாடினார். "ஒவ்வொரு தடவையும் ஒரு குழாய் எண்ணிக்கைக்கு அனுப்பியிருந்தா இந்தக் கேள்வியே வராது. பிளேட்லெட் எத்தனை இருக்குன்னு பார்த்துட்டு ஊத்தலாம்."

எத்தனை தடவை சொல்வது. நாளைக்கு ஊரில் கிளினிக் வைத்திருக்கும் டாக்டர் நோயாளியை நாற்காலியில் உட்காரவைத்து ரத்தம் எடுத்து அங்கேயே இதைச் செய்வார். அவரிடம் எண்ணும் கருவி இருக்காது. எண்ணாமல் செய்தால் என்ன கிடைக்கும் என்பதுதான் ஆய்வு. பிப்ரவரியில் எல்லோருக்கும் ஒருமுறை பார்த்தோம், எல்லோரும் சரி. போதும்.

ஜூன் 28, சனி

லிஃப்ட் இன்னும் ரிப்பேர். மூன்றாம் மாடி ஏறுவதற்குள் மூச்சு இரைக்கிறது. இரண்டாம் மாடியில் நின்று, போனைப் பார்ப்பதுபோல் பாவனை செய்து, மூச்சு வாங்கிக்கொண்டு ஏறுகிறேன். உட்கார்ந்தே வேலை பார்த்தால் இருபத்தாறு வயதில் இதுதான் நிலை. காலையில் நடக்கப் போக வேண்டும்.

பிரஷ் புதிது, கரடு. துப்பினால் சிவப்பு. மென்மையானது வாங்க வேண்டும்.

ஜூலை 7, திங்கள்

ரத்தம் கொடுத்தேன். போன முறை குத்திய இடம் இன்னும் நீலமாக இருக்கிறது. சிஸ்டர் அதைக் கட்டை விரலால் தடவிப் பார்த்தார்.

"இது எப்பக் குத்துனது?"

"நீங்கதான் குத்துனீங்க. உங்களைத்தான் கேக்கணும்."

"நான் குத்துனா ரெண்டு நாள்ல மாறிரும். தொடைல வேற இருக்கா?"

இருக்கிறது. பஸ்ஸில் சூலூரிலிருந்து நின்றுகொண்டே வருகிறேன், சீட்டுக் கம்பி இடிக்காத நாள் இல்லை. சொன்னேன். அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் போன் அடித்தது. கிளம்பிவிட்டேன். குழாய்கள் நான்கும் சூடு ஆறுவதற்குள் மேலே போக வேண்டும்.

ஜூலை 9, புதன்

சம்பங்கி பாதி.

இது கருவி இல்லை, ஆள். யாரோ விதியை மீறுகிறார்கள். எனக்குச் சந்தேகம் உமையாள் டாக்டர்மேல். அவருக்கு ஒற்றைத் தலைவலி. பை முழுக்க மாத்திரை. சில வலி மாத்திரைகள் பிளேட்லெட்டை மந்தமாக்கும் என்று பிப்ரவரியிலேயே சுவரில் ஒட்டியிருக்கிறேன். சுற்றி வளைக்காமல் கேட்டேன்.

"டாக்டர், தலைவலிக்கு என்ன மாத்திரை போடறீங்க?"

"எதுக்கு?"

"சம்பங்கி பாதியா இறங்கியிருக்கு."

"நான் சம்பங்கின்னு உங்களுக்கு யார் சொன்னா?"

"யாரும் சொல்லல. யோசிச்சேன்."

"யோசிக்கக் கூடாதுன்னுதானே பூ வெச்சிருக்கு." பிப்பெட்டைக் கீழே வைத்தார். "அறவாழி, ரத்தம் குடுக்கற வாரத்துல நான் எந்த மாத்திரையும் தொடறதில்ல. வலி வந்தா ஹாஸ்டல்ல லைட்ட அணைச்சுட்டுப் படுத்துக்கறேன். உங்க தட்டுக்காக. தெரிஞ்சுக்குங்க."

வைரவன் நடுவில் புகுந்தான். "சண்டை வேண்டாமுங்க. நானாக்கூட இருக்கலாமுங்க. ஞாயித்துக்கிழமை மச்சான் கல்யாணத்துல கொஞ்சம் ஓவராப் போச்சு."

"கொஞ்சம் ஓவர்னா எவ்ளோ?"

"கல்யாணம் யாருக்குன்னு மறந்துபோற அளவுக்கு."

உமையாள் டாக்டர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை. கேள்வி தவறில்லை.

ஜூலை 12, சனி

கணுக்கால் முழுக்கப் பொடிப் பொடியாகச் சிவப்புப் புள்ளி. அறைக்குப் பின்னால் சாக்கடை, கொசு. அரிப்பு மட்டும் இல்லை. புது வகைக் கொசுபோல.

அம்மா அரூரிலிருந்து போன் செய்தார். குரல் ஏன் இப்படி இருக்கிறது என்றார். தூங்கிக்கொண்டிருந்தேன் என்றேன். சாயங்காலம் ஐந்து மணி. தூங்கிக்கொண்டுதான் இருந்தேன்.

ஜூலை 21, திங்கள்

இன்று நடந்ததை நிதானமாக எழுத வேண்டும்.

சென்ட்ரிஃப்யூஜ் நின்றதும் குழாய்களைத் தாங்கியில் வரிசையாக வைத்தேன். சுழன்று நின்ற ரத்தம் இரண்டாகப் பிரிந்திருக்கும். அடியில் சிவப்பு, மேலே மஞ்சள். மூன்று குழாய்களில் கிட்டத்தட்டப் பாதிக்குப் பாதி. சம்பங்கியில் சிவப்பு அடியில் ஒரு விரல் அகலத்துக்குக் கிடந்தது. மேலே எல்லாம் மஞ்சள்.

"சிஸ்டர் இதுல கம்மியா இழுத்திருக்காங்க" என்றேன்.

"இல்ல. நாலும் ஒரே மட்டம்." உமையாள் டாக்டர் குனிந்து கண்ணுக்கு நேராகப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். "இது கம்மியா இழுத்தது இல்ல அறவாழி. இந்த ஆளுக்கு ரத்தமே இல்ல."

"ஒரு குழாயை வெச்சு அப்படிச் சொல்ல முடியாது."

"சிவப்பும் இல்ல, பிளேட்லெட்டும் இல்ல. ரெண்டும் சேர்ந்து இறங்குனா அது மாத்திரையும் இல்ல, உங்க அகராதியும் இல்ல. இதுல மிச்சம் இருக்கறதை எண்ணிக்கைக்கு அனுப்புங்க."

"எத்திக்ஸ் கமிட்டி அனுமதில அது இல்ல."

"நம்ம நாலு பேர்ல ஒருத்தருக்கு உடம்பு சரியில்ல. அதுக்கு எந்தக் கமிட்டியக் கேக்கணும்?"

"டிசம்பர்ல பிரிக்கும்போது தெரியும்."

அவர் என்னைப் பார்த்த பார்வையை எழுதத் தெரியவில்லை. மிச்சத்தை நானே உறைகலனில் வைத்துப் பூட்டினேன். சாவி என்னிடம்.

ஜூலை 23, புதன்

இன்று சாயம் போட்டோம். கத்தரிப்பூ, கத்தரிப்பூ, கத்தரிப்பூ. அப்புறம் ஒரு வரிசை, அரிசி கழுவிய தண்ணீர்.

சம்பங்கி ஃபசலுல்லா சாராக இருக்குமோ. ஐம்பத்தெட்டு வயது, சர்க்கரை. போன வாரம் நாற்காலியிலிருந்து எழும்போது மேஜையைப் பிடித்தார். நான் பார்த்தேன். சாருக்கு ஏதாவது என்றால் இந்த ஆய்வு நின்றுவிடும். அவருக்கும் ஏதாவது ஆகிவிடும். இரண்டையும் இந்த வரிசையில்தான் நினைத்தேன். எழுதிவைக்கிறேன்.

ஜூலை 25, வெள்ளி

உமையாள் டாக்டர் சாரிடம் போய்ச் சொல்லிவிட்டார். சார் எங்களை அறைக்குக் கூப்பிட்டார். யார் எந்தப் பூ என்ற குறியீட்டை உடைக்க வேண்டும் என்றார் உமையாள் டாக்டர். கூடாது என்றேன் நான். சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ரெண்டு பேரும் கத்த வேண்டாம். யாருன்னு தெரிய வேண்டாம், ஆனா அந்த ஆளுக்குத் தெரியணும். அவ்வளவுதானே? நாலு பேரும் வெளியில தனித்தனியாப் போய் ரத்தம் டெஸ்ட் பண்ணிக்குங்க. ரிசல்ட்ட யாருக்கும் காட்ட வேண்டாம். சரியில்லன்னா அவங்கவங்க டாக்டரப் பாருங்க. குறியீடும் பத்திரம், ஆளும் பத்திரம்."

நல்ல யோசனை. எனக்கு வந்திருக்க வேண்டியது.

ஜூலை 26, சனி

டெஸ்ட் எடுக்கப் போனேன். பரிசோதனைக் கூடத்தில் திருவிழாக் கூட்டம், காய்ச்சல் சீசன். நின்றால் மதியம் ஆகும், செல்களுக்கு மீடியா, அதாவது அவற்றின் ஊட்டத் திரவம், மாற்ற வேண்டும். திரும்பிவிட்டேன். எனக்கு எடுத்து என்ன ஆகப் போகிறது. கேட்டால் எடுத்தாயிற்று என்று சொல்லிக்கொள்ளலாம்.

ஜூலை 28, திங்கள்

வைரவன் தானாகவே வந்து சொன்னான். "எல்லாம் சரியா இருக்குதுங்க சார். அந்தக் கல்யாணத்துக்கப்புறமும்."

சார் எதுவும் சொல்லவில்லை. ஆனால் மாடிப்படியில் வேகமாக இறங்கிப் போனார், கையில் ஒரு வடை.

உமையாள் டாக்டர் கேட்டார், "எடுத்தீங்களா?"

"எடுத்தேன். நார்மல்."

"எனக்கும் நார்மல்." அத்தோடு போகவில்லை, நின்றார். "அப்ப நாலு பேரும் நார்மல். சம்பங்கி யாரு அறவாழி? ஆவியா?"

ஜூலை 30, புதன்

மதியம் கேட்டுக்கு வெளியே வண்டியில் கொய்யா வாங்கினேன். சோறு இறங்குவதில்லை, பழமாவது. உமையாள் டாக்டரும் கிளினிக் முடித்துக் கையில் டீயுடன் நின்றுகொண்டிருந்தார். மாஸ்கை இறக்கிக் கடித்தேன்.

"சிவப்புக் கொய்யாவா?" என்றார்.

"ஆமா."

வண்டிக்காரர் திரும்பிப் பார்த்தார். "நம்மகிட்ட சிவப்பு இல்லீங்களே. எல்லாம் வெள்ளைதானுங்க."

கையிலிருந்ததைப் பார்த்தேன். உள்ளே வெள்ளை. நான் கடித்த பள்ளத்தைச் சுற்றி மட்டும் சிவப்பு.

பிரஷ்ஷால் ஈறு கொஞ்சம் கிழிந்திருக்கிறது, அவ்வளவுதான். அதைத்தான் சொன்னேன். மாஸ்கை ஏற்றிக்கொண்டேன். ஈறு டாக்டரிடம் ஈறைப் பற்றிப் பேசியிருக்கக் கூடாது.

"வாயத் திறங்க" என்றார்.

"ரோட்டுலயா?"

"மேல வாங்க. நாற்காலி இருக்கு."

"வேலை இருக்கு டாக்டர்."

"அறவாழி, நீங்க எந்த லேப்ல டெஸ்ட் எடுத்தீங்க?"

உள்ளே வந்துவிட்டேன். பாதி வழியில் படியில் உட்கார வேண்டியிருந்தது. பின்னாலிருந்து அவர் குரல். "நாளைக்குக் காலைல நான் சிஸ்டர்கிட்ட கேக்கப் போறேன். உங்க ஆய்வு என்ன ஆனாலும் சரி."

அரை வருட வேலை. சாயங்காலம் முழுக்க ஆறு மாத எண்களை எடுத்துவைத்துப் பார்த்தேன். மல்லி, முல்லை, அரளி மூன்றும் சமதரையில் ஓடும் பஸ் மாதிரி. சம்பங்கி ஏப்ரல்வரை எல்லோருக்கும் மேலே. பிறகு இறக்கம். ஜூனில்தான் என் கண்ணில் பட்டது.

ஏப்ரலில் யாருக்கு என்ன நடந்தது என்று யோசித்தேன். ஒன்றும் தோன்றவில்லை. எனக்கு ஒரு காய்ச்சல் வந்து போனது, அதை விட்டால்.

ஜூலை 31, வியாழன்

உமையாள் டாக்டருக்கு முன்னால் போய்விட வேண்டும் என்று சீக்கிரமே கிளம்பினேன். சிஸ்டர் அப்போதுதான் மேஜையைத் துடைத்துப் பஞ்சை டப்பாவில் அடைத்துக்கொண்டிருந்தார்.

"சிஸ்டர், இப்ப உமையாள் டாக்டர் வருவாங்க. சம்பங்கி யாருன்னு கேப்பாங்க. நீங்க சொல்லக் கூடாது."

பஞ்சு பாதியில் நின்றது. "சம்பங்கியா?"

"ஆமா."

"சம்பங்கிக்கு என்ன?"

அப்போதுதான் உறைத்தது. இந்தப் பக்கத்துச் செய்தியை நானே அந்தப் பக்கம் போட்டுவிட்டேன். பிப்ரவரியிலிருந்து காத்த சுவர்.

"ஒண்ணுமில்ல. வளர்ச்சி கொஞ்சம் கம்மி."

"கொஞ்சம்னா?"

"கொஞ்சம்தான்."

"தம்பி, என் மூஞ்சியப் பார்த்துச் சொல்லுங்க."

"தட்டுல அந்த வரிசையே வெளுத்துக் கிடக்கு. ரத்தத்துல சிவப்பும் இல்ல. போதுமா?"

சிஸ்டர் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். திரும்பி வந்து நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டார்.

"உட்காருங்க."

"என் முறை திங்கக்கிழமைதான்."

"உட்காருங்க தம்பி."

"இப்ப எடுத்தா இந்தச் சுற்றுக் கணக்கு..."

"இது உங்க தட்டுக்கு இல்ல."

உட்கார்ந்தேன். ரப்பர் பட்டையைக் கட்டினார். கட்டிய இடத்துக்குக் கீழே தோலில் சிவப்புப் புள்ளிகள் ஒவ்வொன்றாக எழும்பின, நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே. இந்த அறையில் கொசு இல்லை.

எங்கள் ஆய்வுக் குழாய்க்கு நீல மூடி. சிஸ்டர் ஊதா மூடியை எடுத்தார். ஊதா மூடி எண்ணிக்கைக்கு.

சிஸ்டர் யார் பெயரையும் சொல்லவில்லை. விதியை மீறவில்லை. நான் கேட்கவும் இல்லை. ஊசியை உருவிய பிறகு பஞ்சை அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தோம், அவர் விரல் என் விரல்மேல். பஞ்சு மாற்றினார். மறுபடி மாற்றினார். நிற்கவில்லை.

கதவைத் தட்டி உமையாள் டாக்டர் உள்ளே வந்தார். நாற்காலியில் என்னைப் பார்த்தார், ஊதா மூடியைப் பார்த்தார். கேட்க வந்ததைக் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 1, வெள்ளி

பிளேட்லெட் பதினோராயிரம். ஒன்றரை லட்சமாவது இருக்க வேண்டும். கருவி தவறு, மறுபடி எடுங்கள் என்றேன். மறுபடி எடுத்தார்கள். பத்தாயிரத்துச் சொச்சம்.

உமையாள் டாக்டர் நாற்காலியில் உட்காரவைத்து விளக்கைத் திருப்பினார். ஒன்றரை வருடமாகப் பல் மருத்துவக் கல்லூரியில் வேலை பார்க்கிறேன். ஞானப்பல் பிடுங்கியதற்குப் பிறகு என் வாயை இங்கே யாரும் பார்த்ததில்லை, எந்நேரமும் மாஸ்க். அவர் கண்ணாடியால் உதட்டை ஒதுக்கினார். ஈறு வீங்கிப் பல்லின்மேல் ஏறிக் கிடக்கிறதாம்.

"எப்பலேர்ந்து?"

"பிரஷ் மாத்துனதுலேர்ந்து."

கண்ணாடியைத் தட்டில் வைத்தார். சத்தம் வராமல் வைத்தார்.

சார் வாசலில் நின்றார். "டெஸ்ட் எடுத்தேன்னு சொன்னியேப்பா" என்றார். திட்டியிருந்தால் பரவாயில்லை. அப்புறம் கார் சாவியை எடுத்துக்கொண்டு வந்தார்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

பெரிய ஆஸ்பத்திரி. இடுப்பு எலும்பிலிருந்து மஜ்ஜை எடுத்தார்கள். ரத்தப் புற்று. வகையின் பெயர் நீளம். ரத்த டாக்டரிடம் சதவீதம் கேட்டேன். சொன்னார். எழுத மாட்டேன்.

மஜ்ஜையில் ஒரு வகைச் செல் யாரும் சொல்லாமலே பெருகிக்கொண்டிருக்கிறது, மற்றவற்றுக்கு இடம் விடாமல். ஆறு மாதமாகச் செல்களைப் பெருகச் சொல்லிக் கெஞ்சியவன் நான்.

அண்ணன் வந்திருக்கிறான். அம்மாவிடம் அவன்தான் சொன்னான். நான் போனைக் கையில் வைத்துக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

மருந்து தொடங்கிவிட்டார்கள். அது நல்லது கெட்டது பார்க்காமல் எல்லாவற்றையும் அழிக்கும். என் பிளேட்லெட் திரும்ப முளைக்கும்வரை அடுத்தவர் பிளேட்லெட்டை ஏற்ற வேண்டும். ஏற்றினால் சில நாள் தாங்கும், பிறகு மறுபடி. இல்லாவிட்டால் மூளைக்குள் கசியலாம். டாக்டர் இதையும் வெளிப்படையாகச் சொன்னார். எனக்கு அவரைப் பிடித்திருக்கிறது.

என் வகை பி பாசிட்டிவ். அண்ணனுடையது வேறு. அவன் வரவேற்பறையில் நின்று தெரிந்தவர்களுக்கெல்லாம் போன் போட்டுக்கொண்டிருந்தான்.

சிஸ்டரே என்னைக் கூப்பிட்டார். "உங்க அண்ணன அலைய வேண்டாம்னு சொல்லுங்க தம்பி. முறை போட்டாச்சு. எல்லாருக்கும் வகை பார்த்துட்டேன். நாளைக்கு அரளி வருது. திங்கக்கிழமை முல்லை. மல்லிக்கு வகை சேரல, அதனால மல்லி கார் ஓட்டும்."

சார்தான் மல்லி. குறியீடு முடிந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது, உதடு வெடித்துவிட்டது.

ஆகஸ்ட் 9, சனி

வைரவன் கொடுத்துவிட்டு, கையில் பிளாஸ்டருடன் கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் நின்றான். உள்ளே விடமாட்டார்கள். போனில் பேசினான்.

"நான்தானுங்க அரளி."

"தெரியுது. மச்சான் கல்யாணம் முடிஞ்சு எத்தனை நாள் ஆச்சு?"

"அன்னிலேர்ந்து தொடலீங்க. நம்ம சரக்கு சுத்தம்."

"திங்கக்கிழமை யாரு?" கேட்டுவிட்டேன். மிச்சம் ஒரே ஆள்தான், ஆனாலும்.

"டாக்டரம்மா நேத்துலேர்ந்து ரூம விட்டு வெளிய வரலீங்க சார். தலைவலி. வாந்தி வேற. வலி மாத்திரை போட்டா மூணு நாளைக்கு எடுத்துக்க மாட்டாங்களாமே. அதனால போடலீங்க."

"வேற யாரையாவது பாக்கச் சொல்லு. இந்த ஊர்ல பி பாசிட்டிவே இல்லையா?"

"சொன்னமுங்க. சிஸ்டரே சொன்னாங்க. டாக்டரம்மாதான் முறைய மாத்தாதீங்கன்னுட்டாங்க."

ஆகஸ்ட் 11, திங்கள்

கண்ணாடிக் கதவில் உமையாள் டாக்டர். தலையைச் சுற்றித் துப்பட்டாவை இறுக்கிக் கட்டியிருந்தார், வெளிச்சம் படாமல் கண்ணை இடுக்கிக்கொண்டு. சார் பக்கத்தில் நின்று அவர் பையைப் பிடித்திருந்தார்.

போன் எடுத்தேன். சொல்ல வேண்டியதை யோசித்து வைத்திருந்தேன். ஜூலையில் சொல்லியிருக்க வேண்டியது.

"மாத்திரை விஷயத்துல..." என்றேன்.

"சத்தமாப் பேசாதீங்க, தலை பிளக்குது. இப்பக் குடுத்து முடிச்சாச்சு. மாத்திரையும் போட்டாச்சு. ரெண்டு."

"தேங்க்ஸ்."

"வாயத் திறங்க."

"இங்கயா?"

"கண்ணாடி வழியாத் தெரியும். திறங்க."

திறந்தேன். எட்டிப் பார்த்தார். டார்ச்கூட அடித்தார், அந்த வெளிச்சத்துக்கு அவர் முகமே சுளித்தது. "சனிக்கிழமை வைரவன் குடுத்தது வேலை செய்யுது. கசிவு நின்னிருக்கு. மென்மையான பிரஷ்கூட வேண்டாம், பஞ்சு போதும்" என்றார். போய்விட்டார்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

பரிசோதனையெல்லாம் முடிந்து காலையில்தான் பை வந்தது. எலுமிச்சைச் சர்பத் நிறம். வெளியே எண் மட்டும், பெயர் இல்லை. ஒருவிதத்தில் என் விதியேதான்.

கொய்யா கேட்டேன். பச்சையாக எந்தப் பழமும் கூடாதாம், வேகவைத்த இட்லி மட்டும். இட்லியைப் பற்றி எனக்கு இருக்கும் கருத்தை நர்ஸிடம் சொன்னேன். அவருக்கு வேறு வேலை இருந்தது.

பை பாதி இறங்கியபோது உமையாள் டாக்டரிடமிருந்து ஒரு படம் வந்தது. மைக்ரோஸ்கோப்பில் எடுத்தது. என் செல்கள். இடமே இல்லாமல், ஆற்றில் எதிர்நீச்சல் போடும் மீன்கூட்டம் மாதிரி ஒரே திசையில் நெருக்கிக்கொண்டு. பத்து நாளாக நான் பார்க்காதவை. யாரோ நேரத்துக்கு மீடியா மாற்றியிருக்கிறார்கள்.

கீழே எழுதியிருந்தார்: "தட்டு நிறைஞ்சிருச்சு. இன்னைக்குப் பிரிச்சு வெக்கணும், இல்லன்னா செத்துரும். ஆய்வுதான் முடிஞ்சுபோச்சே, கொட்டிடவான்னு வைரவன் கேக்கறான். உங்க செல். நீங்க சொல்லுங்க."

மூன்று முறை டைப் செய்து அழித்தேன். பிறகு எழுதினேன்: "ஒன்றை மூன்றாகப் பிரியுங்கள்."

"சரி. எந்தப் பூ ஊத்தட்டும்?"

"சம்பங்கி வேண்டாம். எது இருக்கோ அது."

"ஃப்ரீசர்ல முல்லைதான் மிச்சம் இருக்கு."

நிமிர்ந்து பையைப் பார்த்தேன். சொட்டிக்கொண்டிருந்தது.

"இங்கயும் அதுதான்" என்று அனுப்பினேன்.